ஆச்சியின் மெஷின், சேலைகள், அளவு நோட்டு

ஆச்சியின் தையல் மெஷினைத் தொடும் முன்னால் அதன் டிராயரைத் திறந்து பாருங்கள். அடக்கம் முடிந்து, வந்தவர்கள் ஊர் திரும்பி, வீட்டைக் கழுவிவிட்ட பிறகு, ஆச்சியின் சாமான்களை ஒதுக்கிவைக்க யாராவது ஒரு சாக்குப் பையோடு வந்து நிற்பார்கள். அந்தப் பைக்குள் முதலில் விழுவது மெஷின் டிராயரில் கிடக்கும் சில்லறைதான். பாதி நூல் சுற்றிய பாபின், பேப்பரில் மடித்த ஊசி, நகம்போலத் தேய்ந்த சாக்கட்டி, கொக்கியும் பிரஸ் பட்டனும் போட்டுவைத்த பிஸ்கட் டப்பா, ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர், நாலைந்து புது வருஷத்து வாக்குத்தத்த அட்டைகள். ஒரு மாதத்துக்கு இவற்றில் எதையும் வெளியே போடாதீர்கள். அந்த மெஷின் மறுபடி ஓடுவதற்கு வேண்டிய விவரத்தில் பாதி அந்த டிராயரில்தான் இருக்கிறது.

பாபினையே எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் பாபின்கள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். கனத்தில் ஒரு நூல் வித்தியாசம் இருந்தாலும் பாபின் உட்காரும் கேஸுக்குள் இறுகிப்போகும், இல்லாவிட்டால் லொடலொடவென்று ஆடி நூலைச் சிக்கவைக்கும். ஆச்சி பயன்படுத்திய பாபினைக் கையில் கொண்டுபோய், அதே அளவு கேட்டு வாங்க வேண்டும். மெஷினில் கடைசியாக நூல் கோத்திருந்தால் அதை உருவி எறியாமல் முதலில் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். நூல் எந்தக் கொக்கியில் நுழைந்து, நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுக்குள் எப்படித் திரும்பி, எந்தப் பக்கமிருந்து ஊசிக்கண்ணுக்குள் போகிறது என்பதெல்லாம் அந்தப் படத்தில் இருக்கும். அதைவிட நல்ல விளக்கப் புத்தகம் கிடைக்காது. அவள் கையே கோத்த நூல் அது.

வீட்டில் இருப்பது பெரும்பாலும் உஷாவோ, சிங்கரோ, மெரிட்டோவாக இருக்கும். கறுப்பு உடல், தங்க எழுத்து, இரும்பு ஸ்டாண்டு, தோல் பெல்ட்டு. பல வருஷம் மூடியே கிடந்த மெஷினின் வீல் சுற்றாது. உடனே பலமாகத் திருப்பக் கூடாது. எண்ணெய் காய்ந்து பிசினாகிப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். இடையில் யாராவது அவசரத்துக்குத் தேங்காயெண்ணெய் விட்டிருந்தால் இன்னும் மோசம். சமையல் எண்ணெய் எதுவானாலும் காற்றுப் பட்டுப் பட்டுக் கோந்துபோல ஆகிவிடும். எண்ணெய்த் துவாரம் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் வீலை முன்னும் பின்னும் ஒரு விரற்கடை மட்டும் ஆட்டுங்கள். சுற்றவில்லையென்றால் திரும்ப மண்ணெண்ணெய், திரும்ப ஒரு ராத்திரி. மூன்று நாள்கூட ஆகலாம். இளகியதும் வழிந்துவரும் பழுப்பு அழுக்கையெல்லாம் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயைத் துவாரத்துக்கு இரண்டு சொட்டு வீதம் விட வேண்டும். இதைத் தள்ளிப்போடக் கூடாது. மண்ணெண்ணெய் அழுக்கோடு சேர்த்து வழுவழுப்பையும் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. எண்ணெய் விடாமல் ஓட்டினால் இரும்பும் இரும்பும் உரசித் தேய்ந்துபோகும்.

தங்க எழுத்தின் மேல் மண்ணெண்ணெய், தின்னர், ஸ்பிரிட், நகச்சாயம் அழிக்கும் திரவம் எதுவும் படக் கூடாது. எழுத்துக்கு மேலே பூசியிருக்கும் மெல்லிய வார்னிஷ் ஸ்பிரிட்டில் கரைந்துவிடும், அதோடு எழுத்தும் வந்துவிடும். பழைய பனியன் துணியில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் தொட்டு மெதுவாகத் துடைத்தால் போதும். ஆச்சியின் கை எப்போதும் படுகிற இடத்தில், ஊசித்தட்டுக்கு வலப்பக்கம், அந்த எழுத்து ஏற்கனவே தேய்ந்திருக்கும். அதைத் திரும்ப வரையச் சொல்லிப் பெயின்டரிடம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது சட்டில், அதாவது பாபின் கேஸைத் தாங்கி, மேல்நூலை அடிநூலோடு சேர்க்கும் வளைந்த இரும்பு. ஊசியை மேலே தூக்கி நிறுத்தி, மெஷினைப் பின்பக்கமாகச் சாய்த்து, பாபின் கேஸை எடுங்கள். சட்டிலைப் பிடித்திருக்கும் இரண்டு சிறு கொண்டிகளையும் வெளிப்பக்கம் திருப்பினால் வளையம் வரும், பின்னாலேயே சட்டிலும் வரும். உள்ளே பஞ்சும் தூசியும் எண்ணெயும் சேர்ந்து கம்பளிபோல அமுங்கிக் கிடக்கும். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, சட்டில் ஓடும் பாதையில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். ஊசித்தட்டின் இரண்டு ஸ்குரூவைக் கழற்றி, துணியை நகர்த்தும் பல்லுக்கு நடுவே இருக்கும் பஞ்சையும் நோண்டி எடுங்கள். துணி நகரவில்லை என்று மெக்கானிக்கிடம் போகும் மெஷின்களில் பலவற்றுக்கு இந்தப் பஞ்சை எடுத்தாலே சரியாகிவிடும்.

ஊசி புதிதாக வாங்குங்கள். டிராயரில் இருப்பதை வைத்துத் தைக்க வேண்டாம். அது மாதிரிக்கு மட்டும். கவரில் எச்ஏ×1 என்று ஊசி வகையை அச்சிட்டிருக்கும். மெல்லிய பட்டுக்கு 11-ம் நம்பர், ரவிக்கைப் பருத்திக்கு 14, நாலு அடுக்குச் சேலைக்கு 16. ஊசியின் மேல்முனையில் ஒரு பக்கம் தட்டையாகவும், அதற்கு எதிர்ப்பக்கம் மேலிருந்து கண் வரை நீளப் பள்ளமாகவும் இருக்கும். நூல் எந்தப் பக்கமிருந்து கண்ணுக்குள் நுழைகிறதோ அந்தப் பக்கம் பள்ளம் வரவேண்டும். இந்தக் கறுப்பு மெஷின்களில் நூல் இடப்பக்கமிருந்து நுழையும், ஆகவே தட்டை வலப்பக்கம். மாற்றிப் போட்டாலும், ஊசியை மேல்வரை ஏற்றாமல் ஸ்குரூவை முடுக்கினாலும் தையல் விழாது, அல்லது நாலுக்கு ஒன்று விட்டுவிட்டு விழும். பழைய நூலையும் நம்ப வேண்டாம். இரண்டு கையிலும் ஓர் அடி பிடித்துச் சுண்டிப் பாருங்கள். பட்டென்று சத்தமில்லாமல் அறுந்தால் அது இற்றுப்போன நூல். நூல்கண்டைக் காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம், தைக்க ஆகாது.

முதல் தையலுக்கு மேலே ஒரு நிறமும் பாபினில் வேறு நிறமும், ஒரே கனத்து நூலாகப் போடுங்கள். எந்த நூல் எங்கே தவறுகிறது என்று கண்ணுக்குத் தெரியும். துணியின் அடிப்பக்கம் மேல்நூல் கொசகொசவென்று வளையம் போட்டால் பலரும் பாபினைத்தான் குறைசொல்வார்கள். கோளாறு மேலே இருக்கிறது. டென்ஷன் தளர்ந்திருக்கும், அல்லது துணியை அமுக்கிப் பிடிக்கும் ஃபுட்டை இறக்கிவைத்துக்கொண்டு நூல் கோத்ததால் அது தட்டுகளுக்கு நடுவே உட்காரவே இல்லை. ஃபுட்டைத் தூக்கிவிட்டு மறுபடி கோத்துப் பாருங்கள். பாபின் நூல் மேலே எட்டிப் பார்த்தால் மேல் டென்ஷன் அதிக இறுக்கம், கால் சுற்று தளர்த்துங்கள். பாபின் கேஸின் ஸ்குரூவைக் கடைசியில்தான் தொட வேண்டும். அதற்கும் ஒரு சோதனை உண்டு: நூல் முனையைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுங்கள். தானாக வழுக்கி இறங்கினால் தளர்வு; லேசாக ஓர் உதறு உதறினால் ஓரிரு அங்குலம் இறங்கி நின்றால் சரி.

பெல்ட்டு நாளாக ஆகத் தொய்யும். விரலால் அமுக்கினால் அரை அங்குலம் உள்ளே போகலாம். அதற்கு மேல் போனால் வீலில் வழுக்கும். மிதி ஆடும், ஊசி நிற்கும். கம்பிக் கிளிப்பைக் கழற்றி, தோலில் அரை அங்குலம் வெட்டி, ஆணியால் புதுத் துளை போட்டு மாட்டிவிடலாம். ஒரேயடியாக அதிகம் வெட்டிவிட்டால் மிதி கல்லாகக் கனக்கும், முழங்கால் வலிக்கும்.

மோட்டார் மாட்டச் சொல்லிப் பலர் யோசனை சொல்வார்கள். ஆச்சியின் மெஷினுக்கு அது வேண்டாம் என்பதே எங்கள் எண்ணம். புதிதாகப் பழகுகிறவருக்குக் காலால் மிதிப்பதுதான் நல்லது. ஒரு தையல், அரைத் தையல் என்று நிறுத்த முடியும். வீலின் நடுவே இருக்கும் சின்னத் திருகைத் தளர்த்தினால் ஊசி அசையாமல் வீல் மட்டும் சுற்றும். நூல் இல்லாமல், ஃபுட்டைத் தூக்கி, இப்படி இரண்டு நாள் மிதித்துப் பழகட்டும். வலது கால் கொஞ்சம் முன்னால், இடது கால் கொஞ்சம் பின்னால். "ஏட்டி, மொதல்ல வீலை ஒன் பக்கமா தள்ளி விடு, அப்புறம் காலைப் போடு" என்று ஆச்சி சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வீலின் மேல்பக்கம் உட்கார்ந்திருப்பவரை நோக்கித்தான் வரவேண்டும். எதிர்ப்பக்கம் ஒரு சுற்று போனாலே நூல் சட்டிலில் சுருண்டு சிக்கும், இல்லாவிட்டால் அறும். ஸ்டாண்டைத் தனியே கழற்றிக் கண்ணாடி போட்டுச் சாப்பாட்டு மேசை ஆக்குவதைப் பல வீடுகளில் பார்க்கிறோம். ஓடக்கூடிய மெஷினை அப்படிச் செய்யவே செய்யாதீர்கள்.

இனி பீரோ. திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்து ஆச்சிமார் பீரோவில் வெள்ளைக்கென்று ஒரு தட்டு இருக்கும். திருவிருந்து ஞாயிற்றுக்கும் பெரிய வெள்ளிக்கும் உடுத்தும் வெள்ளைச் சேலை, பேரப்பிள்ளைகள் எல்லாரும் வரிசையாகப் போட்ட ஞானஸ்நான கவுன், ஓரத்தில் லேஸ் வைத்த மேசை விரிப்பு. அந்த லேஸுக்கு இந்த மண்ணில் இருநூறு வருஷ வரலாறு உண்டு. 1820-களின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்தார். அவர் மகள் எலைசா 1844-ல் ராபர்ட் கால்டுவெல்லுக்கு வாழ்க்கைப்பட்டு திருநெல்வேலிப் பக்கத்து இடையன்குடிக்கு வந்தபோது அந்தக் கைவேலையும் செம்மணல் தேரிக்காட்டுக்குள் கூடவே வந்தது. திண்டு மேல் குண்டூசி குத்தி, சின்னச் சின்ன மரக்கட்டைகளில் நூலைச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்று மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. கையால் பின்னியதா மெஷின் லேஸா என்று தெரியாவிட்டால், தெரியும்வரை கையால் பின்னியது என்றே நினைத்துப் பழகுங்கள்.

மஞ்சளித்த வெள்ளையைப் பிளீச்சில் போட்டால் ஒருநாள் பளிச்சென்று இருக்கும், அடுத்த துவைப்பில் நூல் இழை இழையாக வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்பைக் கரைத்து, லேஸை ஒரு கொசுவலைத் துண்டில் வைத்து நாலு ஓரமும் தைத்து, அப்படியே ஊறவிடுங்கள். தண்ணீர் பழுப்பானால் கொட்டிவிட்டு வேறு தண்ணீர். தேய்க்கவோ பிழியவோ கூடாது. துவாலையில் சுருட்டி ஈரத்தை எடுத்து, இன்னொரு துவாலை மேல் விரித்து, ஓரங்களைத் துருப்பிடிக்காத குண்டூசியால் இழுத்துக் குத்திக் காயவிட்டால் இஸ்திரி தேவைப்படாது. துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசுவது வெள்ளைப் பருத்திக்கு மட்டும் சரிப்படும். நிறத்துணியில் நிறமே போய்விடும். கஞ்சி போட்டு எடுத்துவைக்கக் கூடாது. கஞ்சி வாசத்துக்குப் பூச்சி வரும், மடிப்பிலும் உடையும்.

பட்டும் மடிப்பில்தான் சாகிறது. ஒரே மடிப்பில் பத்து வருஷம் இருந்த சேலையை விரித்தால் அந்தக் கோட்டிலேயே கிழிந்திருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பின் இடத்தை மாற்றி மடியுங்கள். துவைத்த பழைய மல் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் உள்ளேயே நிற்கும். அந்துருண்டை சரிகையில் நேராகப் படக் கூடாது, துணியில் முடிந்து மூலையில் போடுங்கள்.

பருத்திச் சேலைகளைப் பூட்டிவைப்பதில் பிரயோசனம் இல்லை. அவை உடம்பில் படவேண்டிய துணி. வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு சேலையையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உட்காரும் இடம் வலைபோலத் தெரியும். கொசுவத்தின் அடி ஓரம் பிய்ந்திருக்கும். தோளில் ஊக்குக் குத்திய இடத்தில் பொத்தல் இருக்கும். உள்ளே சொருகுகிற முதல் ஒரு மீட்டரும் முந்தானையும்தான் பெரும்பாலும் கெட்டியாக நிற்கும். இரண்டு கட்டைவிரலையும் ஓர் அங்குல இடைவெளியில் வைத்து நீளவாட்டிலும் அகலவாட்டிலும் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். கிழிகிற சத்தம் கேட்டால் அந்தப் பகுதி அடுக்குக்கு உள்ளே போகலாம், வெளியே வரக் கூடாது. இழையொன்றைக் கொளுத்தியும் பாருங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி மணியாகத் திரளும். இரண்டையும் ஒரே போர்வையில் சேர்த்தால் துவைக்கத் துவைக்க பருத்தி சுருங்கும், மற்றது சுருங்காது, முழுவதும் புடைத்துக்கொள்ளும்.

வரப்போகிற பிள்ளைக்கு ஆச்சியின் சேலையில் தூளி கட்ட ஆசைப்படாத வீடு இல்லை. அந்தச் சேலை எல்லா இடத்திலும் இழுப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும். கட்டிய பின் பத்துக் கிலோ அரிசிப்பையை வைத்து ஒரு ராத்திரி தொங்கவிட்டு, முடிச்சையும் உத்தரத்தில் உரசும் இடத்தையும் காலையில் பாருங்கள். ஓரிழை நொந்திருந்தாலும் அதில் பிள்ளையைப் போடாதீர்கள். அந்தச் சேலையைப் பிள்ளைக்கு விரிப்பாகப் போடலாம், அதுவும் அவள் மடிதான்.

போர்வைக்குக் கணக்கு எளிது. ஐந்தரை மீட்டர் சேலை ஏறக்குறைய 216 அங்குலம். 90 அங்குலத்தில் இரண்டு துண்டு வெட்டினால் 36 அங்குலம் முந்தானையோடு மிஞ்சும். ஆக இரண்டு சேலையில் நாலு அடுக்குப் போர்வை ஒன்று, அகலம் சேலையின் அகலமே, சுமார் 45 அங்குலம். எல்லாத் துணியையும் முதலில் வெந்நீரில் அலசிக் கஞ்சியை எடுத்துவிடுங்கள். தரையைத் துடைத்து, ஒவ்வோர் அடுக்காக விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவுங்கள். நாலு அங்குலத்துக்கு ஒரு வரியாகத் தற்காலிகமாகப் பெரிய பெரிய இழை ஓட்டம் போட்டுக்கொண்டால்தான் அடுக்குகள் நழுவாது. இந்த வேலையில் பலரும் அவசரப்படுவது இங்கேதான். இழை ஓட்டத்தைத் தவிர்த்த போர்வை ஒரு மூலையில் கூடிக்கொண்டு மற்ற மூலையில் குட்டையாக நிற்கும். பிறகு அங்குலத்துக்கு ஒரு வரி, கால் அங்குலத் தையல், நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும். 44 வரி, வரிக்கு 90 அங்குலம், மொத்தம் 110 கெஜத் தையல். இரட்டை இழையில் 220 கெஜம், முடிச்சுக்கும் மடிப்புக்கும் இன்னும் கொஞ்சம். நூல் குறையக்கூடிய வேலை. ஒரே நிறத்தில் மொத்தமாக வாங்கிவையுங்கள். ஊசியில் கோக்கும் நூல் முழங்கை நீளத்தைத் தாண்டினால் முறுக்கிக்கொண்டு முடிச்சு விழும்.

மெஷினில் தைப்பதானால் ஃபுட்டின் அழுத்தத்தை மேல் திருகில் கொஞ்சம் தளர்த்தி, அங்குலத்துக்கு ஏழெட்டுத் தையலாக வையுங்கள். அழுத்தம் குறையாவிட்டால் மேலடுக்கு முன்னால் ஓடி, கடைசியில் பை போல நிற்கும்.

பேரப்பிள்ளைகள் பத்துப்பேர், நல்ல சேலை மூன்றுதான் என்றால் சதுரமாக வெட்டுவதே வழி. ஆறரை அங்குலச் சதுரம், கால் அங்குலத் தையல் விட்டால் முடிந்தபின் ஆறு அங்குலம் நிற்கும். அகலத்துக்கு ஆறு, நீளத்துக்கு எட்டு என்று 48 சதுரம் சேர்த்தால் 36-க்கு 48 அங்குலப் போர்வை. 45 அங்குல அகலத் துணியில் வரிக்கு ஆறு சதுரம் விழும், ஆக எட்டு வரி, 52 அங்குலம் நல்ல துணி போதும். கிழிந்த சேலையில்கூட அந்த அளவு தேறிவிடும். இழை நேராக வெட்டுங்கள். கோணலாக வெட்டிய சதுரம் தைக்கும்போதே நீளும், மூலைகள் ஒன்றோடொன்று சேராது.

மிஞ்சிய முந்தானைக்கு வேதாகம உறையைவிட நல்ல உபயோகம் தெரியவில்லை. சபையில் முதல் திருவிருந்துக்குத் தகுதி பெறும் திடப்படுத்தல் ஆராதனைக்குப் போகும் பிள்ளையின் கையில் அது இருக்கட்டும். புத்தகத்தை மூடிவைத்து, முன் அட்டை ஓரத்தில் தொடங்கி, முதுகைச் சுற்றி, பின் அட்டை ஓரம்வரை நாடாவால் அளவெடுங்கள். திறந்துவைத்து அளந்தால் முதுகின் கனம் கணக்கில் வராது, உறை போட்டபின் வேதாகமம் மூடாது. எட்டரை உயரம், ஆறு அகலம், ஒன்றரை கனம் உள்ள புத்தகத்துக்குச் சுற்றளவு பதிமூன்றரை. அட்டையைச் செருகும் மடிப்புக்கு இரண்டு பக்கமும் இரண்டரை, ஓர மடிப்புக்கு அரை அரை: மொத்தம் பத்தொன்பதரை அங்குலம். உயரத்தில் எட்டரையோடு தாராளத்துக்குக் கால், தையலுக்கு மேலும் கீழும் அரை: ஒன்பதே முக்கால். பட்டு முந்தானையானால் உள்ளே பருத்தி லைனிங் கட்டாயம், இல்லாவிட்டால் ஓரம் இழையிழையாகப் பிரியும். ஜரிகைக் கரை முன் அட்டையில் வருமாறு வைத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். ஆச்சி புதுத்துணியில் கத்தரி வைக்கும் முன் கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஜெபிப்பாள். வெட்டிய பின் திரும்பிவராத துணிக்கு அந்த ஒரு நிமிஷம் வேண்டியதுதான். அந்த நேரத்தில் அளவையும் இன்னொருமுறை சரிபார்த்துவிடுகிறது கண்.

கடைசியாக அளவு நோட்டு. பழைய டைரியிலோ ஞாயிறுபள்ளி நோட்டின் பின்பக்கத்திலோ இருக்கும். "மா 34, இ 28, நீ 14, கை 5½" என்று மார்பு, இடுப்பு, நீளம், கை. பெயர் இருக்காது, "பெரியவ", "சின்னவ மக", "போதகரம்மா", "ஆஸ்டல் பிள்ளை ரெண்டு" என்றிருக்கும். சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குத் தைத்துக் கொடுத்த தலையணை உறைகளின் கணக்கும் நடுவே வரும். ஒரே பெண்ணின் மார்பளவு வருஷத்துக்கு வருஷம் 24, 26, 29, 32 என்று ஏறிவருவதை அந்தப் பக்கங்களில் பார்க்கலாம். கடைசிப் பக்கங்களில் அவளுடைய சொந்த அளவு இறங்கிக்கொண்டே வரும். பென்சில் எழுத்து மங்கும், ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். வீட்டில் வயதான பெண்கள் இருக்கும்போதே "பெரியவ" யார், "ஆஸ்டல் பிள்ளை" யார் என்று கேட்டுத் தனித்தாளில் எழுதிவையுங்கள். நோட்டின் மேலேயே எழுத வேண்டாம்.

அதோடு செய்தித்தாளில் வெட்டிய ரவிக்கை மாதிரிகளும் இருக்கும். செய்தித்தாள் பழுத்து ஒடியும். சுருட்டாமல் தட்டையாக விரித்து, பழுப்புத் தாளில் ஓரம் பிடித்துப் படியெடுங்கள். தையலுக்கு விட்ட இடம் சேர்ந்ததா சேராததா என்று தெரிய, அவள் தைத்த ரவிக்கை ஒன்றை மேலே வைத்து அளந்து பாருங்கள். பக்கத்தில் ஓர் அங்குலத்துக்கும் மேல் உள்ளே பிடித்திருப்பாள், பிள்ளை வளரும் என்று. அந்த அங்குலத்தையும் படியில் குறித்துவிடுங்கள்.

ஒவ்வொரு நாளும் தைத்து முடித்ததும் ஊசியைத் துணிக்குள் இறக்கி, ஒரு துண்டுப் பருத்தியின் மேல் ஃபுட்டை இறக்கிவிட்டு மூடுங்கள். வழியும் எண்ணெயை அந்தத் துண்டு குடிக்கும், பல்லும் ஃபுட்டும் ஒன்றோடொன்று மோதாது. நீங்கள் முதல்முறை திறந்தபோதும் அங்கே ஒரு துண்டு இருந்திருக்கும். எண்ணெய்க் கறையோடு இருந்தாலும் அதையே துவைத்துத் திரும்பப் போடலாம்.